அத்தைக்கு உண்டான கேக்கு

இப்பப் போனாளே, வெள்ளைத் தொப்பி, அவ கேட்டது உன் காதுல விழுந்துச்சா தம்பி? ரொட்டி உங்க வீட்டுக்காரிக்கு இல்லியே அண்ணேங்கறா. சிரிச்சிகிட்டே கேக்கறா. கோயில் பாட்டுக் குழுவுல முன் வரிசைல நிக்கறவ. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், ஊரே ரொட்டிக்கடை வாசல்ல நிக்குது, அத்தன பேர் முன்னால என் பொஞ்சாதி வயித்துக்கு இவ கணக்குக் கேக்கறா.

நான் என்ன சொன்னேன்? எல்லாம் எனக்குத்தான், வழியிலயே தின்னுருவேன்னு சொன்னேன். உடனே நம்பிட்டா பாரு. என் தொப்பையப் பாத்தா போலீஸ்காரன்கூட நம்புவான்.

கோவமா? எனக்கா? இல்லப்பா, என் தொண்டையே இப்படித்தான். துறைமுகத்துல கிரேனுக்கு அடியில நின்னு கத்திக் கத்திப் பழகிடுச்சு. வீட்டுல உப்புக் கேட்டேன்னா பக்கத்து வீட்டுப் பன்னி எந்திரிச்சு ஓடும். சரி, கோவந்தான். ஒத்துக்கறேன். இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

நீ யார் வீட்டுப் புள்ள? ஓ, ஆக்லாந்துல இருக்கற கூட்டமா. அதான் வரிசைல ஒழுங்கா நிக்கற. இங்க பொறந்தவனா இருந்தா இந்நேரம் ஜன்னலுக்குள்ள தலைய விட்டிருப்பான். நில்லு, நில்லு, அவசரமில்ல. அடுத்த ரொட்டி இப்பத்தான் அடுப்புக்குள்ள போயிருக்கு. வாசனையப் பாத்து ஏமாறாத. அது போன தடவ சுட்டது.

கேக்கறதுன்னா கேளு. நாளைக்கு என் பொஞ்சாதி அவ அண்ணன் வீட்டுக்குப் போறேங்கறா. போய் அவ எடத்துல ஒக்காருவாளாம். நான் போகக்கூடாதுங்கறேன். மத்தியானத்துலேருந்து எங்க வீட்டுல இந்த ஒரே பேச்சுதான். அவ லோசலினே. அண்ணன் பேரு ஃபிலிமோனே, எனக்கு மச்சான். அந்தக் கோயிலுக்குப் பின்னால பச்சைத் தகரம் போட்ட பெரிய வீடு, அதான்.

அவ எடம்னா உனக்குத் தெரியுமில்ல? உங்கம்மா சொல்லிருப்பாளே. ஃபஹு. அண்ணன் தம்பி புள்ளைங்களுக்கு அத்தைதான் ராணி. பொறந்த நாளு, கல்யாணம், எதுன்னாலும் சரி, பாய்ல முதல் எடம் அத்தைக்கு. சீரா வர்றதுலயே நல்ல பாய் அத்தைக்கு. அடுக்கு கேக்குல மேல் அடுக்கு அத்தைக்கு. அவ வந்து ஒக்காராம ஒருத்தன் இலையத் தொட முடியாது. ராஜா வீட்டுலயும் இதுதான், என் வீட்டுலயும் இதுதான். என் வீட்டுல எங்கக்கா வந்து, இருந்த ஒரே நல்ல போர்வையத் தூக்கிட்டுப் போனா. நான் வாயத் தொறந்தேனா?

அந்த கேக்குதான் பிரச்சினை. சொல்றேன் இரு.

என் பொஞ்சாதிக்குச் சர்க்கரை இருக்கு. இருந்துட்டுப் போகட்டும், இந்தத் தீவுல யாருக்கு இல்ல? தெரிஞ்சப்ப டாக்டரு, மாத்திர அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல தட்டப் பாக்கலாம்னாரு. அங்க ஒரு நர்சம்மா. நல்லவ. இவ கையவே விரிச்சுக் காட்டி, இதுதான்மா உன் தராசுன்னா. ரெண்டு கை நெறய கீர, உள்ளங்கை அளவு மீனு, மூடின கை அளவு கிழங்கு. அவ்வளவுதான்.

மூடின கை அளவு. நம்மூர்ல அது கொழந்த தட்டுல வக்கிற கிழங்கு. ஆனா எம் பொஞ்சாதி செஞ்சா தம்பி. அன்னிலேருந்து செஞ்சா. டீயில சர்க்கரையில்ல. டின் மாட்டிறைச்சியில வெள்ளையா உறைஞ்சிருக்குமே, அத வழிச்சு நாய்க்குப் போட்டா. எங்க நாய்க்குத்தான் இப்ப மூச்சு வாங்குது. விடியறப்ப எந்திரிச்சுக் கடலோரமா நடந்தா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ விரலக் குத்திப் பாக்கறப்ப நர்சம்மா மத்தவங்களக் கூப்பிட்டுக் காமிப்பா. இந்தம்மாவப் பாருங்கன்னு.

நானா? நான் பாத்துகிட்டிருந்தேன். யாராவது பாக்கணுமில்ல.

இதுல ஒரே ஒரு எடத்துல மட்டும் அவ கைய விடல. அந்த கேக்கு. அண்ணன் புள்ளைங்க பொறந்த நாளு, கோயில் விசேஷம்னு வருஷத்துக்கு நாலோ அஞ்சோ தடவ அவ முன்னால மேல் அடுக்கு வந்து எறங்கும். நர்சம்மாகிட்டயே நேராக் கேட்டா, திங்கலாமான்னு. அவ, தின்னு, அன்னிக்குக் கிழங்க விட்டுடு, மறுநாள் கொஞ்சம் கூட நட, ஆனா துண்டு இவ்வளவுதான்னு ரெண்டு விரலக் காட்டினா. இவ ஒரு விரலாக் கொறச்சுகிட்டா. அவ பிடிவாதம் அப்படி.

நீ அவ திங்கறதப் பாத்திருக்கணும். கத்தியக் கையில வாங்குவா. ஒரு விரல் அகலம் வெட்டித் தன் தட்டுல வப்பா. அப்புறம் மிச்சம் பூராவையும் ஒக்காந்து பங்கு போடுவா. போதகருக்கு ஒண்ணு, அந்த மொனை வீட்டுப் பார்வை தெரியாத கெழவனுக்கு ஒண்ணு, சமையக்கட்டுல வேர்த்துகிட்டு நிக்கற பொம்பளைங்களுக்கு ஒண்ணு, புள்ளைங்களுக்கு. எல்லாம் போய்ச் சேந்த பொறகுதான் தன் துண்ட எடுப்பா. கண்ண மூடிக்குவா. ஒரு கல்யாணப் பாட்டு பாடி முடிக்கற நேரம் எடுத்துக்குவா அந்த ஒரு விரலத் திங்க. நான் அந்த நேரத்துல ஒரு பன்னிக்குட்டியோட கால முடிச்சிருப்பேன்.

கேக்கு அத்தைக்குன்னா, அத்த தின்னு தீக்கறதுக்கு இல்ல தம்பி. யாருக்கு எவ்வளவுன்னு சொல்றதுக்கு. கத்தி யார் கையிலங்கறதுதான் விஷயம். இது அவ அண்ணனுக்குத் தெரியாதா? அவன் என்ன ஆஸ்திரேலியாவுல பொறந்தவனா?

ஏய்! ஏய் பூச்சட்டை, வரிசை இங்க முடியல, அங்க முடியுது. பின்னால போ. உங்கப்பனத் தெரியும் எனக்கு.

எங்க விட்டேன்? ஆங். ஜூன் மாசம் லாவினியாவுக்கு இருவத்தொண்ணு முடிஞ்சுது. ஃபிலிமோனேயோட மூத்த பொண்ணு. பெரிய விருந்து. பந்தல் போட்டு, மண்ணடுப்பு ஏழோ எட்டோ வெட்டி, சிட்னிலேருந்தெல்லாம் ஆள் வந்து. அஞ்சடுக்கு கேக்கு. நான் பாத்தேன், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவுல கண்ணாடித் தூணு. என் வீட்டவிட அதுக்கு அஸ்திவாரம் பலமா இருந்துச்சு. எம் பொஞ்சாதி ரெண்டு நாளாக் கிழங்கத் தொடல. அந்த ஒரு விரலுக்காக. புதுசாத் தச்ச கருநீல உடுப்பு, அதுக்கு மேல இடுப்பச் சுத்திக் கட்டற பாய், அவ அம்மாவோட பழசு. போய் அவ எடத்துல ஒக்காந்தா.

சடங்குப் பேச்சாளன் மைக்கப் புடிச்சான். மேல் அடுக்கத் தூக்கினாங்க. எங்களுக்கு நேரா வந்தாங்க. வந்து, எங்களத் தாண்டிப் போனாங்க.

எங்க போச்சுங்கற? செலாவோட அக்காகிட்ட. செலா ஃபிலிமோனே பொண்டாட்டி. பொண்ணோட அம்மா வழி! நம்ம மொறைப்படி அன்னிக்கு மண்ணடுப்புல கல்லப் பெரட்டிகிட்டு இருக்கவேண்டிய கூட்டம்! அந்தம்மா பாவம், அதுவே எனக்கெதுக்கு எனக்கெதுக்குன்னு பின்னால நகருது. தட்ட அது மடியில வச்சு அமுக்கறாங்க.

எங்களுக்கு என்ன வந்துச்சு தெரியுமா? கூடை. ஓலைல புதுசாப் பின்னின கூடை, ரிப்பன்லாம் கட்டி. உள்ள வெள்ளரிக்கா. வெள்ளரிக்கா, முட்டைக்கோசு, ரெண்டு பப்பாளிக்கா. பப்பாளிகூடப் பழுக்கல. இனிக்குமாம், அதனால காயாவே.

சிரிக்காத. சரி சிரி, நானும் முழுசாச் சொல்லலியே.

அத்தோட விட்டிருந்தாக்கூட, பசங்க ஏதோ மறந்துட்டாங்கன்னு வாய மூடிட்டு வந்திருப்பேன். பேச்சாளன் மைக்குல சொல்றான், நம்ம குடும்பத்துப் பெரிய அத்தை சர்க்கரை வியாதியால அவதிப்படறதுனால, அவங்க அண்ணன் அவங்க மேல வச்ச பாசத்துனால, அவங்க உயிரக் காப்பாத்த இந்த முடிவுன்னு. நானூறு பேருக்கு ஸ்பீக்கர்ல. தெருவுல போற பஸ்ஸு நின்னு கேட்டுச்சு. ஃபிலிமோனே எந்திரிச்சு நின்னு அழறான் தம்பி. நெஜமா. கண்ணுல தண்ணி ஊத்துது, கைய நெஞ்சுல வச்சிகிட்டு. கூட்டமே உச்சுக் கொட்டுது. போதகர் ஒடனே எந்திரிச்சு ஒரு ஜெபம் வேற பண்ணிட்டாரு. உசிரோட முன்னால ஒக்காந்திருக்கறவளுக்கு.

எம் பொஞ்சாதியா? அவ சிரிச்சா. கூடைய இழுத்து முன்னால வச்சா. கத்தியக் கேட்டு வாங்கினா. ஒரு வெள்ளரிக்கால ஒரு விரல் அகலம் வெட்டித் தன் தட்டுல வச்சா. அப்புறம் கேக்கப் பங்கு போடற மாதிரியே வெள்ளரிக்காயப் பங்கு போட்டா. போதகருக்கு ஒண்ணு. மொனை வீட்டுக் கெழவனுக்கு ஒண்ணு. சமையக்கட்டுக்கு ஒண்ணு. போதகர் அந்த வெள்ளரிக்காயக் கைல வச்சிகிட்டு, கடிக்கறதா பையில போடறதான்னு தெரியாம முழிச்சாரு. எல்லாருக்கும் போன பொறகு இவ தன் துண்ட எடுத்துக் கண்ண மூடித் தின்னா.

வீட்டுக்கு வந்து கால் கழுவினா. அழல. எனக்கு வியாதி இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதுன்னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா.

நேராப் போய்க் கேட்டிருக்கலாமேங்கற. யாரு யாரக் கேக்கறது? நீ அங்க வளந்தவன், உனக்கு இது புரியறது கஷ்டம். நம்மள்ல அக்கா தங்கச்சிகூட ஒரு ஆம்பள ஒடம்பு சமாச்சாரம் பேசுவானா? வயசு வந்த நாள்லேருந்து ஒரே கூரைக்குக் கீழ படுக்கமாட்டான். அவ இருக்கற எடத்துல ஒரு கேலிப் பேச்சு பேசமாட்டான். டிவில முத்தம் குடுக்கற காட்சி வந்தா எந்திரிச்சு வெளிய போயிடுவான். அது மரியாதை. ஃபிலிமோனே அந்த மரியாதைல ஒரு மயிரிழை கொறை வச்சதில்ல. அதான் வெனையே. உனக்குச் சர்க்கரை எவ்வளவு, நீ என்ன திங்கற, அந்தத் துண்டு திங்கலாமா கூடாதான்னு அவன் அவகிட்ட கேக்க முடியாது. எனக்கு ஒரு விரல் போதும் அண்ணேன்னு இவளும் சொல்ல முடியாது. ரெண்டு பேரும் வாயத் தொறக்காமலே ஒருத்தருக்கொருத்தர் மரியாத பண்ணிப் பண்ணி, கடேசில வெள்ளரிக்கால வந்து நின்னுச்சு.

ஆனா நடுவுல நான் ஒருத்தன் இருக்கேனில்ல? எங்கிட்ட கேட்டிருக்கலாமில்ல? மச்சான்கிட்ட கேக்க என்ன தடை? சனிக்கிழமை சனிக்கிழமை ஒரே வட்டத்துல ஒக்காந்து கவா வேரக் கரைச்சுக் குடிக்கறோம். வானத்துல இருக்கறது, பூமியில இருக்கறது, நியூசிலாந்து ரக்பி, போதகரோட புதுக் காரு, எல்லாம் பேசுவான். இத மட்டும் பேசமாட்டான். ஏன்னா அவனுக்கு எல்லாம் தெரியும். கேக்கறவன்தான் தெரியாதவன்.

அன்னிலேருந்து என்ன ஆச்சு கேளு. மைக்குல சொன்னாச்சில்ல, இனிமே அவ ஊர்ச் சொத்து. கோயில்ல டீ குடிக்கறப்ப ஒருத்தி இவ கைல இருந்த பிஸ்கட்டப் புடுங்கறா. பாசமாம். சின்னப் புள்ளைங்க, அத்தைக்கு ஆகாது அத்தைக்கு ஆகாதுன்னு தட்ட மூடுதுங்க. தாம் பொண்ணு வயசு இருக்கறவ வந்து, சீனிக்குப் பதிலா எங்க சித்தி ஏதோ இலையக் கொதிக்க வச்சுக் குடிச்சாங்க, செத்துப்போறதுக்கு முன்னாலங்கறா. கடைல இவ ஒரு ஐஸ்க்ரீமக் கைல எடுத்தா பின்னால நாலு பேர் இருமறான். இவ்வளவும் யாரு? அவங்க தட்டப் பாத்திருக்கியா? ஆட்டு விலாக் கொழுப்பு கூரை மாதிரி தொங்கும். ஆரஞ்சு சோடாவுல குளிப்பாங்க. அவங்களுக்கெல்லாம் வியாதி கெடையாது. ஏன்னா அவங்க விரலக் குத்திக்கல.

இவ போறத நிறுத்திட்டா. விசேஷம் எதுக்கும் போறதில்ல. ஃபிலிமோனே வீட்டுக்கு ஜூனுக்கப்புறம் காலெடுத்து வக்கல. அவனும் வரல. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு கோயில், ஒரு ரோடு. அவ்வளவுதான் தூரம்.

அத வுடு. ஒரு நாள் வேலைலேருந்து சீக்கிரம் வந்துட்டேன். வீட்டுல ஆளில்ல. பின்னால துணி தொவைக்கற கொட்டாய் கதவு சாத்தியிருக்கு. உள்ள கரண்டிச் சத்தம். தகரக் கிண்ணத்துல கரண்டி. எம் பொஞ்சாதி உள்ள இருந்து தின்னுகிட்டிருக்கா. ஃபைகாகை. அந்தத் தேங்காப்பால் பாகுல ஊற வச்ச மாவுருண்டை. நான் கதவத் தொறக்கல. வெளிய வாளியக் கவுத்துப் போட்டு ஒக்காந்தேன். அந்தக் கரண்டி கிண்ணத்தோட அடியச் சொரண்டற வரைக்கும் நிக்கல தம்பி. கல்யாணப் பாட்டெல்லாம் இல்ல. பன்னி தொட்டியில வாய வச்சா எப்படியோ அப்படி. அப்புறம் கிண்ணத்தக் கழுவற சத்தம். வெளிய வந்து என்னப் பாத்துட்டு, சோப்பு தீந்துடுச்சுங்கறா.

நானும், சரி வாங்கிட்டு வரேன்னேன்.

ஊரு முன்னால கத்தியக் கைல வச்சிகிட்டு ஒரு விரல் வெட்டித் தின்னவ. தொவைக்கற கொட்டாய்ல அவள ஒளிஞ்சு திங்க வச்சுட்டாங்க. அடுத்த தடவ நர்சம்மா விரலக் குத்தினப்ப மொதல் தடவையா நம்பர் ஏறிடுச்சு. நர்சம்மா என்ன நடந்துச்சும்மான்னு மட்டும் கேட்டா. இவ, விசேஷங்க ஜாஸ்திங்கறா. ஒரு விசேஷத்துக்கும் போகாதவ.

நகரு நகரு, வரிசை போகுது. ஆமா, சூடாத்தான் வருது. உன் பொட்டலத்துக்குக் கீழ துணி வச்சுக்க, கை சுடும்.

அப்பத்தான் எனக்குத் தாங்கல. கவா வட்டத்துல அவனப் புடிச்சேன். ஓரமாக் கூட்டிட்டுப் போய், மச்சான், உன் பாசத்துனால அவ நம்பர் ஏறுதுடான்னேன். என்ன சொன்னான் தெரியுமா? அதான் நான் அன்னிக்கே கேக்கு குடுக்கறத நிறுத்தினேன், நீதான் வீட்டுல ஊட்டி விடறியாங்கறான்! என்னப் பாத்து! சிரிக்கறான் வேற. சொல்றப்பவே ஒரு பாட்டில் சோடாவ அண்ணாந்து ஊத்திகிட்டான், ஒரே மூச்சுல. தாகம் தாகம்னு அன்னிக்கு அவன் எந்திரிச்சு எந்திரிச்சு வெளிய போனதுக்கு அளவில்ல. கழுத்தெலும்பு தெரியுது, சட்டை தொளதொளங்குது. எனக்கு அந்த நர்சம்மா சொன்னதெல்லாம் ஞாபகம் வந்துச்சு. மச்சான், நீயும் ஒரு தடவ விரல நீட்டேன், ஊசி எறும்புக் கடிதான்னேன். வட்டத்துல எல்லாரும் கேக்கற மாதிரி சொல்றான், எங்க வம்சத்துல ஆம்பளைக்கு அதெல்லாம் கெடையாது, அது பொம்பளைங்க கொண்டு வந்ததுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் வீட்டுக்கு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் அவன்கூட நான் கவா குடிக்கல. துறைமுகத்துப் பசங்களோட குடிக்கறேன். கவாவும் மட்டம், பேச்சும் மட்டம்.

இப்ப சொல்லு, நாளைக்கு அவ அங்க போகணுமா? இன்னிக்கு மத்தியானம் செலா போன் பண்றா. அத்தைய அனுப்புங்க, அவங்க வராம எதையும் தொடங்க முடியாதுங்கறா. ஓஹோ. ஜூன்ல தொடங்கினீங்களே, அப்ப யாரக் கேட்டீங்க? நான் போனப் புடுங்கி இதச் சொல்லத்தான் போனேன். இவ குடுக்கல. வரேன்னு ஒரு வார்த்த சொல்லி வச்சுட்டா.

நான் கத்தினேன். மொதல்ல மைக்குல பறிச்சத மைக்குல திருப்பித் தரட்டும்னேன். உனக்கு வெக்கமில்லியான்னு கேட்டுட்டேன். அவ பொட்டியத் தொறந்து பாயத் தேடிகிட்டே, அந்த எடம் அண்ணன் குடுத்ததில்ல சேமீசி, எடுத்துக்க அவனால முடியாதுங்கறா. நிதானமா. எம் பேரச் சொல்லி. கோவம் வந்தாத்தான் அவ எம் பேரச் சொல்லுவா.

அப்ப எதுக்கு இவ்வளவு நாள் போகாம இருந்தன்னு கேட்டேன். போனா அவன் அழுவான், அவன் அழறத எனக்குப் பாக்க முடியாதுன்னா. இத எங்கிட்ட ஜூன்லயே சொல்லக்கூடாதா? இந்தக் குடும்பத்துல எவனும் எதையும் நேரத்துக்குச் சொல்றதில்ல.

இரு, நம்ம முறை வந்துருச்சு. நீ வாங்கிக்க மொதல்ல, எனக்கு நேரமாகும். வாங்கிட்டியா? சரி, பக்கத்துல நில்லு, உன் உதவி வேணும்.

அம்மாடி, பெரிய ரொட்டி நூறு. ஆமா, நூறுதான். இப்ப இருக்கறதக் குடு, மிச்சத்துக்கு நிக்கறேன். வண்டி இருக்கு. வெண்ணெய் பெரிய டப்பா நாலு. சீனி மூட்டை ஒண்ணு, டீத்தூளு. ஆமா, எம் பேருல எழுது.

என்ன தம்பி அப்படிப் பாக்கற? என் தொப்பைக்கு நூறு தாங்காது. சாவு வீட்டுக்கு. ராத்திரி பூரா பாடறவங்களுக்கு ரொட்டியும் டீயும் வேணுமில்ல.

ஃபிலிமோனேதான். இன்னிக்கு மத்தியானம் போயிட்டான். ஒரு வாரமா முடியலன்னு படுத்திருந்தானாம், காச்சல்னு நெனச்சு வீட்டுலயே வச்சு ஜூஸாக் குடுத்திருக்காங்க, தெம்புக்கு. காலைல கோயில் நேரத்துல நெனவு தப்பிருச்சு. ஆஸ்பத்திரியில குத்திப் பாத்தா மிஷின்ல நம்பரே வரலியாம். அது எண்ணக்கூடிய அளவத் தாண்டிருச்சாம். நாளைக்குக் காலைல வீட்டுக்குக் கொண்டு வராங்க. அத்தைங்கற மொறைல அவன் தலைமாட்டுல அவதான் ஒக்காரணும். ஊர்ல பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது, கோயில்ல சாவு மணியடிக்கல.

ரொட்டி அவ சொன்னதுதான். அவங்க அழுதுகிட்டிருப்பாங்க, இது யாருக்கும் ஞாபகம் வராது, நீ போய் வாங்குன்னா. நூறுன்னு கணக்கும் அவதான் சொன்னா.

அட, நீ ஏன் மன்னிப்புக் கேக்கற, உனக்கும் இதுக்கும் என்ன. இதெல்லாம் அவன்கிட்ட சொல்றதுக்கு வச்சிருந்தது தம்பி. கிரேனுக்கு அடியில நின்னு எத்தனையோ நாள் சொல்லிப் பாத்து வச்சிருக்கேன். அந்தப் பப்பாளிக்காயப் பத்தி இன்னும் நல்லா, நாக்கப் புடுங்கிக்கற மாதிரி ஒண்ணு இருக்கு, அத உங்கிட்ட சொல்லவேயில்ல. கிறிஸ்துமசுக்கு வீட்டுக்குப் போய், எல்லார் முன்னாலயும் மூஞ்சிக்கு நேரா அத்தனையும் கொட்டிட்டு, அப்புறம் அவன் அழ, நான் அழ, கவா கரைச்சுக் குடிக்கலாம்னு இருந்தேன். நடுவுலயே எந்திரிச்சுப் போயிட்டான், முட்டாப் பய. பாதிச் சண்டைல.

அந்தப் பொட்டிய அந்தப் பக்கம் புடி. சூடா இருக்கும், பாத்து.